பழைய பியட்டும் புதிய காரும்

மும்பையில் பிரீமியர் பத்மினி டாக்சிகளின் காலம் 2023 அக்டோபரோடு முடிந்தது. அந்த வகை டாக்சிகளில் கடைசி வண்டி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. கணக்குப்படி நாள் வந்ததும் வண்டி ஓய்வு பெற்றது. ஒரு வண்டியையாவது நகரின் நினைவாகப் பாதுகாத்து வைக்கலாமே என்று டாக்சிக்காரர் சங்கத்தார் கேட்டுப் பார்த்தனர்.

வண்டி போய்விட்டது, பேச்சு போகவில்லை. தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் செம்பூரிலும் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கூடுமிடத்தில், “என்ன இருந்தாலும் அந்த பியட் மாதிரி வருமா?” என்ற கேள்வி இன்றும் எழுகிறது. கேட்கிற இளைஞர்கள் சிரிக்கிறார்கள். வயதானவர்களுக்கு அவர்கள் காலத்து அரிசியும் இனிக்கும், அவர்கள் காலத்து வண்டியும் இனிக்கும் என்று தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளிவிடக்கூடிய பேச்சுதானா இது?

முதலில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கார் பொற்காலத்துப் பொருள் அல்ல. குர்லா தொழிற்சாலையில் 1964-இல் பியட் 1100 டிலைட் என்று வெளிவந்த வண்டிதான் பெயர் மாறிப் பத்மினி ஆயிற்று. உருவமும் 1,089 சி.சி. எஞ்சினும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் பிறந்த அம்பாசிடரின் கதையும் அதேதான். 1950-களின் அச்சில் வார்த்த வண்டி 2014 வரை வந்துகொண்டிருந்தது. மக்கள் இவற்றைத் தேடித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. வேறு வண்டி கிடைக்கவில்லை. கிடைத்ததற்கும் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் வாங்க முடிந்தவர்கள் அதன் பக்கம் ஓடியதற்குக் காரணம் உண்டு.

பாதுகாப்பை எடுத்துக்கொண்டாலும் பழைய வண்டிக்கு வக்காலத்து வாங்க முடியாது. விபத்தில் மார்பைக் காக்கும் காற்றுப்பை இல்லை. வழுக்கும் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி வரும் காரின் புகையையும் பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. குழந்தை குட்டிகளோடு புனா சாலையில் போகிறவருக்கு எது நல்லது என்று கேட்டால், புதிய கார்தான்.

அப்படியானால் விஷயம் தெரிந்த டிரைவரும் மெக்கானிக்கும் பழையதை ஏன் விரும்புகிறார்கள்? அந்த வண்டி அவர்கள் கைக்கு அடங்கியது என்பதுதான் காரணம். மழையில் வண்டி நின்றால் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, துணியால் ஈரத்தைத் துடைத்து, மறுபடி மாட்டிக் கிளப்பிவிடுவார்கள். கார்புரேட்டர் அடைத்தால் ஊதிச் சுத்தம் செய்வார்கள். நாலு ஸ்பானரும் ஒரு ஸ்குரூ டிரைவரும் இருந்தால் பாதிப் பழுதைச் சாலையோரத்திலேயே தீர்த்துவிடலாம். குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளில் பழைய சாமான் கிடைக்கும். மிஸ்திரியின் கூலியும் பேசித் தீர்க்கிற அளவில் இருக்கும். அன்றாடம் ஓட்டி அன்றாடம் சாப்பிடுகிறவனுக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அடுப்பும் ஒரு நாள் நிற்கும். அவன் விரும்பியது பழமையை அல்ல, மறுநாள் காலையில் வண்டி கிளம்பும் என்ற உறுதியை.

பயணிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஊருக்குப் போகிற தமிழ்க் குடும்பம் டிரங்குப் பெட்டி, படுக்கை, பலகாரத் தூக்கு, தம்பி மகளுக்கு வாங்கிய மிக்சி எல்லாவற்றையும் கூரைமேல் இருந்த கேரியரில் ஏற்றிக் கட்டிவிட்டு தாதருக்கோ குர்லா டெர்மினஸுக்கோ போய் இறங்கியது. இன்றைய சிறிய டாக்சிகள் பலவற்றில் டிக்கியின் பாதியை காஸ் சிலிண்டர் பிடித்துக்கொள்கிறது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

புதிய காரில் நிலைமை வேறு. எஞ்சினை ஆள்வது ஒரு மின்னணுப் பெட்டி. எங்கே கோளாறு என்று அறிய ஸ்கேனர் வேண்டும். தண்ணீர் தேங்கிய சாலையில் அந்தப் பெட்டி நனைந்துவிட்டால் துணியால் துடைத்துப் பயன் இல்லை. மாதச் சம்பளக்காரர் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்க வேண்டியதுதான். தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் உதவாது. அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். 2020-இல் வந்த ஒரு விதித் திருத்தத்தின்படி, டயர் காற்றைக் கண்காணிக்கும் கருவியும் ஒட்டும் சாமானும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம்.

இதையெல்லாம் விஞ்ஞானத்தின் தவிர்க்க முடியாத விலை என்று சொல்லிவிட முடியாது. பாதி விஞ்ஞானம் என்றால் பாதி வியாபாரம். உதிரிச் சாமான்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தன என்று கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீடு என்று நீண்டது. பிறகு மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ‘பழுது பார்க்கும் உரிமை’ பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதன் நான்கு துறைகளில் மோட்டார் வண்டியும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென வலைத்தளமும் திறந்தது. நல்ல காரியம். ஆனால் வலைத்தளம் இருப்பதால் மட்டும் சாக்கிநாக்கா பட்டறைக்கு ஸ்கேனரும் சாமானும் வந்து சேர்ந்துவிடாது.

இங்கே ஆட்டம் காண்பது பல வீட்டுப் பிழைப்பு. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பதினைந்து வயதில் வந்து, மிஸ்திரியிடம் டீ வாங்கிக் கொடுத்துத் தொழில் கற்று, பிறகு தானே மிஸ்திரி ஆனவர்கள் இந்த நகரில் உண்டு. காது வைத்துக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லக்கூடியவர்கள். அந்தக் காதுக்கு இன்று வேலை குறைந்துவிட்டது. கற்றுக்கொள்ள அவர்கள் மறுக்கவில்லை. கற்றுத் தருவார் இல்லை. கற்றாலும் கருவி கிடைப்பதில்லை.

ஆகவே, பழைய காரையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கையில் நல்ல நிலையில் வண்டி இருப்பவர், அக்கம்பக்கத்தார் கேலிக்காக அதை விற்றுக் கடனில் புதியது வாங்கவும் வேண்டியதில்லை. பழையதை வாங்க நினைப்பவர் 15 ஆண்டு முடிந்த தனியார் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும், மகாராஷ்டிரத்தில் அதற்குமேல் பசுமை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதியது வாங்குகிறவர் நிறத்தையும் பாட்டுப் பெட்டியையும் விசாரிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்கட்டும். சாமான் வெளிக்கடையில் கிடைக்குமா? வெளி மெக்கானிக் தொட்டால் உத்தரவாதம் என்ன ஆகும்? ஸ்டெப்னி உண்டா?

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. பழுது பார்க்கும் விவரங்களையும் சாமான்களையும் நியாய விலையில் எல்லாப் பட்டறைக்கும் தரும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். ஐ.டி.ஐ.களில் வேலை செய்கிற மெக்கானிக்குகளுக்கு மாலை வகுப்பு நடத்தி ஸ்கேனர் பயிற்சி தர வேண்டும். புதிய காரின் பாதுகாப்பும் பழைய காரின் எளிமையும் ஒரே வண்டியில் கிடைக்கக் கூடாது என்று எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. அது கிடைத்துவிட்டால், பத்மினிக்காகப் பெருமூச்சு விட வேண்டிய அவசியம் எந்த டிரைவருக்கும் இராது.