பூந்தமல்லி யாருடைய புறநகர்?



தெற்குச் சிரியாவின் புஸ்ரா நகரை நீங்கள் மதரஸாவிலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரிய தந்தை அபூதாலிபின் வணிகக் கூட்டத்தோடு சிறு வயதில் நபிகள் நாயகம் (ஸல்) சென்றதாக வரலாற்று நூல்கள் கூறும் ஊர் அது. கி.பி. 106-இல் ரோமர்கள் அதைத் தங்கள் அரபு மாகாணத்தின் தலைநகராக்கினார்கள். காரணம் என்ன? கோதுமை விளையும் சமவெளி, அதன் நடுவே வணிகப் பாதை.

சரி, நீங்கள் தினமும் பஸ் ஏறும் பூந்தமல்லியைப் பற்றி என்ன தெரியும்?

இங்கும் அதே கதைதான். வடக்கே கூவம், தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. நெல் விளைந்த பூமி. கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் போகிறவன் இவ்வழியாகத்தான் போக வேண்டும். இராமானுசர் மதித்த திருக்கச்சி நம்பி, 11-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்தவர். அவரும் வணிகர் குலத்தவர் என்பார்கள்.

1639-இல் ஆங்கிலேயர் மதராசில் கால் வைத்தபோது, இப்பகுதியை ஆண்ட தாமர்லா சகோதரர்களில் ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். கோட்டை அங்கே மணலில், அதிகாரம் இங்கே! 1646 வாக்கில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இக்கடற்கரையைப் பிடித்தார். அவர் யார்? ஈரானிலிருந்து வந்த வைர வியாபாரி, கப்பல்கள் வைத்திருந்தவர். ஆங்கிலக் கம்பெனி தன் உரிமைகளை அவரிடம்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த ஊரையா சென்னையின் புறநகர் என்கிறோம்? சென்னைக்காரர்களே தங்கள் பெரிய சாலைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றல்லவா பெயர் வைத்தார்கள்!

மீர் ஜும்லாவின் அதிகாரி ருஸ்தம், அஸ்தராபாத் துல்பிகாரின் மகன். 1653-இல் இங்கே பள்ளிவாசல் கட்டியதை பாரசீகக் கல்வெட்டு சொல்கிறது. இதைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் தொகுத்த கோயில் இடிப்புப் பட்டியலிலும் இதே ஊரும் ஆண்டும் பெயரும் இருக்கின்றன. இதை ஏன் மறைக்க வேண்டும்? போரில் வென்ற அரசின் அதிகாரி செய்ததற்கு, இன்று கடைத்தெருவில் துணி விற்பவர் எப்படிப் பொறுப்பாவார்? இந்தக் கேள்வியை நெஞ்சை நிமிர்த்திக் கேட்க வேண்டுமானால், கல்வெட்டை நாம் முதலில் படித்திருக்க வேண்டும். நாம் படிக்காததை மேடையில் எவரோ தமக்கு வேண்டியபடி படித்துக் காட்டுவார்கள்.

நம்மில் எத்தனை பேருக்குப் பாரசீக எழுத்து தெரியும்? உருது தெரிந்த பெரியவர்கள்கூட குறைந்துவிட்டார்கள். மெட்ரோ தூண்கள் ஊருக்குள் வந்துவிட்டன. சாலை அகலமாகும்போது பழைய கற்கள் எங்கே போகும்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி இளைஞர்களே, கையில் இருக்கும் கேமரா போனைக் கொண்டு ஜமாஅத் அனுமதியோடு பள்ளியிலும் கபரஸ்தானிலும் உள்ள ஒவ்வொரு எழுத்துக் கல்லையும் படம் எடுங்கள். அதன் மீது சுண்ணாம்பு அடிக்க விடாதீர்கள். வியாபாரிகளே, படித்துச் சொல்லும் அறிஞருக்குப் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.