அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்



மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். அடுத்த சில வாரங்களில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் திட்டுகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். கரையோர ஊர்களில் குவாரிப் பேச்சு எழுவதும் அப்போதுதான். "இந்த வருஷம் நம்ம ஊர்லயா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்பார். பதில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் பொக்லைன் ஆற்றுக்குள் இறங்கும்போதுதான் ஊருக்கே தெரியவரும்.

வீடு கட்ட மணல் வேண்டும். மாட்டு வண்டித் தொழிலாளியின் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். குவாரியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஒவ்வொரு குவாரிக்கும் முன்னால் எழுதப்படும் ஒரு காகிதத்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். அதன் பெயர் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம்.

ஒரு காலத்தில் 5 எக்டேருக்குக் குறைவான குவாரிகளுக்கு இந்த அனுமதி தேவைப்படவில்லை. ஆற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் அந்த அளவுக்குக் கீழே காட்டிவிட்டால் போதும், கேள்வி கேட்க ஆளில்லை. 2012 பிப்ரவரி 27-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. துண்டு எவ்வளவு சிறிதானாலும் அனுமதி பெற்றாக வேண்டும் என்றானது. நம் மாநிலத்தில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. 2003 முதல் இங்கே ஆற்று மணல் குவாரிகளை நடத்துவது அரசே. முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்தது, இப்போது நீர்வளத் துறையிடம் இருக்கிறது. ஆற்றைக் காப்பதும் மணலை விற்பதும் ஒரே துறையின் மேசையில் இருக்கும்போது, அனுமதிக் கடிதத்தில் வேறொரு ஆணையம் விதிக்கும் நிபந்தனைகள்தான் கரையோர மக்களுக்குப் பிடிமானம்.

அந்த நிபந்தனைகளில் பல தண்ணீரைப் பற்றியவை என்பது பலருக்குத் தெரியாது. எவ்வளவு ஆழம் தோண்டலாம், நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, மழைக்காலத்தில் நிறுத்த வேண்டும், சுற்றியுள்ள கிணறுகளின் மட்டத்தையும் நீரின் தரத்தையும் குறித்துவர வேண்டும் என்றெல்லாம் இருக்கும். பாலம், குடிநீர்த் திட்டம், நீரேற்று நிலையம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டுச் சிறுகனிம விதியிலேயே இருக்கிறது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இருக்கும் மணல் 10,000 கன மீட்டர். நீர் நிறைந்த நல்ல ஆற்று மணல் தன் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரையாவது கிணற்றுக்கு விட்டுக்கொடுக்கும். அதாவது 20 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்தால், ஆயிரம் பேர் உள்ள ஊருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். ஆற்றில் ஒவ்வொரு முறை தண்ணீர் ஓடும்போதும் இந்த இருப்பு மறுபடி நிறையும். மணல் லாரியில் ஏறிப் போய்விட்டால் நிறைவதற்கு இடம் ஏது?

திருச்சி நகரம் குடிப்பது காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கியிருக்கும் சேகரிப்புக் கிணறுகளின் தண்ணீரைத்தான். ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் இங்கிருந்தே தண்ணீர் போகிறது. அந்தக் கிணறுகளுக்கு மேலே இருக்கும் மணல்தான் முதல் வடிகட்டி. அதைச் சுரண்டி மெலிய வைத்தாலோ, தண்ணீருக்குள்ளேயே தோண்டிக் கலக்கினாலோ வண்டல் கிளம்பும். குடிநீரின் கலங்கல் 1 அலகுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கலங்கல் பார்வைக்கு மட்டும் உறுத்துவதில்லை. மண் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமியைக் குளோரின் எட்டுவது கடினம். கடைமடையிலோ துயரம் வேறு வகை. படுகை தாழத் தாழக் கடல்நீர் உள்ளே ஏறிவருகிறது. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊர்களில் உப்பேறிய பம்பைக் காட்டி வருந்தாத விவசாயிகள் குறைவு.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. அதே மாதத்தில் திருச்சியின் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலமும் சரிந்தது. மணல் போய்ப் படுகை தாழ்ந்ததும் காரணம் என்று பலர் சொன்னார்கள். அன்றைய அரசு மறுத்தது. ஆண்டுதோறும் படுகையின் மட்டத்தை அளந்து ஊரறிய வைத்திருந்தால் அந்த வாதத்தை ஒரே நாளில் தீர்த்திருக்கலாம். அளக்க முடியாததும் அல்ல. 2023-இல் அமலாக்கத் துறை ஐ.ஐ.டி. கான்பூர் நிபுணர்களை அழைத்து வந்து தமிழகக் குவாரிகளை அளந்து, அனுமதித்ததைவிடப் பல மடங்கு தோண்டப்பட்டிருப்பதாகச் சொன்னது. அந்தத் துறையின் அதிகார வரம்பு பற்றிய வழக்கு தனிக் கதை. ஆறு எவ்வளவு இழந்தது என்பதைக் கருவிகளால் கணக்கிட முடியும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. ஓர் ஆற்றுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு மணல் திரும்ப வந்து சேர்கிறது என்ற ஆய்வு இல்லாமல் அனுமதியே தரக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைக் கனத்த மனதோடு சொல்கிறேன். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், தாமிரபரணி மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஊழியருக்கே அந்த நிலை. ஆகவே இரவில் லாரியை மறிக்கத் தனியாகப் போகாதீர்கள். இளைஞர்களே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், ஊர் கூடிய இடத்தில், காகிதத்தைக் கேளுங்கள்.

கேட்பது உரிமை. அனுமதி கிடைத்த செய்தியை உள்ளூர் நாளிதழ்கள் இரண்டில் விளம்பரமாக வெளியிட வேண்டும். கடிதத்தின் நகல் ஊராட்சிக்கு வந்தாக வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் பார்க்கலாம். நிபந்தனைகள் நிறைவேறினவா என்ற அறிக்கையை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும், குவாரி நடத்துபவர் தாக்கல் செய்ய வேண்டும். அதில் எழுதியிருக்கும் கிணற்று மட்டமும் உங்கள் வீட்டுக் கிணற்று மட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? அனுமதியே தவறு என்று தோன்றினால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடிவிடும். நல்ல வழக்குகள் பல இப்படித்தான் தாமதத்தால் தோற்கின்றன.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அதையொட்டி நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். உங்கள் ஊர் ஆற்றுப்படுகைக்கு அனுமதி இருக்கிறதா, இருந்தால் ஆழம் எவ்வளவு, குடிநீர்க் கிணற்றிலிருந்து தூரம் எவ்வளவு என்று கேட்டுத் தீர்மான நோட்டில் பதியச் சொல்லுங்கள். கடிதத்தின் நகல் கிடைத்தால் எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். புரியாத நிபந்தனைகளை அறிந்தவர்களிடம் கேட்டு, எளிய தமிழில் விளக்கி வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்