படூருக்கு எட்டாத குரல்

பழைய மாமல்லபுரம் சாலையோடு படூர் வரை போய்க் குடியேறிவிட்டீர்கள். கிண்டிப் பக்கம் இருந்தபோது தெளிவாகக் கேட்ட அண்ணா எஃப்.எம். இங்கே ஏன் கரகரக்கிறது என்கிறீர்களா? ரேடியோப் பெட்டியைத் திட்டாதீர்கள், பாவம்!

சென்னைக்கு ரேடியோ வந்ததே சின்னக் குரலில்தான். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் ஒரு கிளப் அமைத்து, ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். கருவியின் சக்தி 40 வாட். நம் வீட்டுக் கூடத்தில் எரிந்த பழைய பல்பு அளவுதான்! பிறகு 200 வாட் ஆயிற்று. பணமில்லாமல் 1927-இல் நின்றது. கார்ப்பொரேஷன் அதை ஏற்று 1930 ஏப்ரல் முதல் நடத்திற்று. கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்ததால், பெட்டி வாங்க வகையில்லாதவர்களும் கேட்டார்கள். பெரிய காரியம் என்பேன். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய ரேடியோ வந்தது.

மத்திய அலை பூமியை ஒட்டித் தவழ்ந்து வெகுதூரம் போகும். எஃப்.எம். ஏறக்குறையக் கண்ணுக்கெட்டிய தூரம்தான். அதிலும், 2004-இல் தொடங்கிய அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலிக்குச் சுமார் 50 வாட் கருவி. பத்து கிலோமீட்டர் போனாலே அதிகம். ஆனால் அங்கே அக்கம்பக்கத்துப் பெண்களே பேசுகிறார்களே! நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர் மக்கள் பங்கெடுத்துத் தயாரிக்க வேண்டும் என்பது சர்க்கார் விதி. 2006 முதல் கல்லூரிகள் மட்டுமல்ல, தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம். படூர் மாதர்கள் கவனிக்க!

மத்திய அலை கரகரத்தால், பெட்டியை மேஜைமீது மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் ஃபெரைட் கம்பி எல்லாத் திசையிலிருந்தும் ஒன்றுபோல அலையை இழுக்காது.