ஒப்பரேசன் கொழும்பில், நோ அளவெட்டியில்

வடக்கு மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கென்று, மாகாணத்தில் ஏதேனும் ஒரு வைத்தியசாலையில் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கித் தாருங்கள். தெல்லிப்பழையில் வைத்தால் எனக்குக் கிட்ட. அது என் சுயநலம். வவுனியாவில் வைத்தாலும் விடியப்புறம் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

நான் அளவெட்டிக்காரி. வலிகாமத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து இளைப்பாறியவள். சீனி, பிறசர், இரண்டு முழங்காலிலும் தேய்வு, இவற்றோடு 110 கிலோ எடையையும் சுமந்துகொண்டு வகுப்பறைப் படி ஏறியவள். சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் 'பைபாஸ்' செய்தேன். இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பையொன்றை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பக்கத்தோடு நேரே தொடுக்கிற முறை அது. 'ஸ்லீவ்' என்பது வேறு. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, மீதியைக் குழாய்போல் விடுவார்கள். எனக்குச் செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீனிக் குளிசை நின்றது, பிறசர்க் குளிசை பாதியானது, நல்லூர் வீதியை இப்போது நடந்தே சுற்றுகிறேன். மீண்டும் முடிவெடுக்கச் சொன்னாலும் இதையேதான் எடுப்பேன்.

பிரச்சினை அதற்குப் பிறகு வந்தது. வயிற்றின் வலது பக்கம், தொப்புளுக்குச் சற்று மேலே, தசை இருந்தாற்போல் இறுகும். கையை வைத்தால் உள்ளே ஒரு தேசிக்காய் உருண்டு நிற்பதுபோல் தட்டுப்படும். மூச்சை முழுதாக இழுக்க முடியாது. சில நிமிடங்களில் பிடிப்பு விட்டாலும், விட்ட இடத்தில் நாள் முழுக்க நோ கிடக்கும். திருவலையில் குந்தித் தேங்காய் திருவினால் வரும். கட்டிலில் இருந்து நேரே எழும்பினால் வரும். தும்மினால் வரும். நன்றாகச் சிரித்தாலும் வரும். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கூடுகிற இடத்தில் இது சின்னத் தண்டனை இல்லை. காயம் ஆறி வருடங்கள் போன பிறகும் இது போகவில்லை.

கொழும்புக்கு எழுதினால், வந்து காட்டும்படி பதில் வரும். வந்து காட்டுவது என்றால் இரவு ரயில், தங்குமிடம், துணைக்கு ஒரு ஆள். இங்கே உள்ளூரில் காட்டினால், கையைப் பிடித்துப் பார்க்கிற வைத்தியர் எல்லோரும் அன்பானவர்கள்தான். ஆனால் என் வயிற்றுக்குள் எது எதோடு தொடுத்திருக்கிறது என்று அவர்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. ஸ்கான் எடுத்தோம், குழாய் விட்டுப் பார்த்தோம், 'காஸ்ரைற்றிஸ்' குளிசை விழுங்கினோம். ரிப்போட் எல்லாம் சுத்தம். "மனசில ஒண்டையும் போட்டு அலட்டாதேங்கோ ரீச்சர்" என்று ஆறுதலும் கிடைத்தது. நோவுக்கு இடம் காட்ட முடியாதபோது அதை மனதில் கொண்டுபோய் வைப்பது வைத்தியத்தில் பழைய வழக்கம். பெண் நோயாளி என்றால் இன்னும் வேகமாக வைத்துவிடுவார்கள்.

ஊர் வேறு விதமாக விசாரித்தது. தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர மேதை பத்மநாதனும் வாழ்ந்த ஊர் எங்களுடையது. கும்பழாவளைப் பிள்ளையார் கோயிலில் மேளம் தொடங்கினால் எல்லோருடைய காதும் அங்கேதான். கண் மட்டும் என்னில் இருந்தது. "என்ன ரீச்சர், வத்திப் போனியள்? என்ன வருத்தம்?" பக்கத்து ஊர்த் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறபடியால், அடுத்த கேள்வியை அவர்கள் கேட்காமலே நான் விளங்கிக்கொள்வேன். இந்த விசாரிப்புக்குப் பயந்தே ஒப்பரேசன் செய்ததை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் மறைக்கிறார்கள் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

கடைசியில் ஒரு இளம் வைத்தியர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, நோகிற இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையையும் தோளையும் தூக்கச் சொன்னார். தூக்கியதும் நோ இரட்டித்தது. "இது உள்ளுக்க இல்லை அம்மா, சுவரில" என்றார். வயிற்றுத் தசை இறுகும்போது அது உள்ளுறுப்புகளுக்குக் கவசமாகிவிடும். உள்ளே இருக்கிற நோ அப்போது குறையவேண்டும். குறையாமல் கூடினால், குற்றவாளி வயிற்றுச் சுவரே. ஜோன் கார்னெற் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் 1926இல் எழுதிவைத்த பரிசோதனை இது. யந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்புறத்தில் இருந்து வயிற்றுச் சுவருக்கு வருகிற மெல்லிய நரம்புகள், முன்பக்கத் தசையின் ஓரத்தில் வளைந்து தோலுக்கு ஏறுகின்றன. அந்த வளைவில் நரம்பு நெரிபடலாம். சத்திரசிகிச்சைக்காக இட்ட பழைய துளைக் காயத்தின் தழும்பிலும் சிக்கலாம். நரம்பு நெரிந்தால் அதைக் காக்கப் பார்த்துத் தசை இறுகும். இறுகிய தசை நரம்பை இன்னும் நெரிக்கும். நெதர்லாந்தில் இந்த நோவுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிற மருத்துவமனை உண்டு. அந்த நாட்டில் 48 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விறைப்பு மருந்தும் மறு பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீரும் நோகிற புள்ளியில் ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. மருந்து போட்டவர்களில் 13 பேருக்கு நோ நன்றாகக் குறைந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களில் 4 பேருக்கு. மருந்து வேறொன்றுமில்லை, பல்லுப் பிடுங்கும்போது போடுகிற லிக்னொகெயின்தான். உங்கள் எந்த வைத்தியசாலையின் அலுமாரியிலும் அது இருக்கும். எனக்கும் அதுதான் போட்டார்கள். முற்றாக மாறவில்லை, ஆனால் நாள்தோறும் வந்தது, வாரத்தில் எப்போதாவது வருகிற அளவுக்கு இறங்கியது.

இதோடு விட்டால் நான் பாதிதான் சொன்னவள் ஆவேன். வயிற்றுப் பிடிப்பு எல்லாம் சுவரில் என்று ஒருவர் முடிவுகட்டினால், அதுவும் ஆபத்து. உணவில் உள்ள கல்சியத்தைத் திறம்பட உறிஞ்சுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதிதான். பைபாஸ் செய்தவரின் சாப்பாடு அந்த வழியால் போவதேயில்லை. கல்சியம் குறைந்தால் விரல் நுனியும் வாய் ஓரமும் விறைக்கும், தசைகள் சுண்டி இழுக்கும். மக்னீசியம் குறைந்திருந்தால் கல்சியத்தை எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது. அமிலத்தைக் குறைக்கிற குளிசைகளை, 'காஸ்ரைற்றிஸ்' என்று எங்களுக்கு அள்ளித் தருகிற அதே குளிசைகளை, நீண்டகாலம் விழுங்கினால் மக்னீசியம் இறங்கவும் கூடும். விற்றமின் டி, பி12, இரும்பு எல்லாவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு கதை. எடை வேகமாக இறங்கினவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதும் சாதாரணம்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது ஒன்று. குடலைத் திசைமாற்றித் தொடுத்த இடத்துக்குப் பின்னால் இடைவெளிகள் இருக்கும். உள்ளிருக்கும் கொழுப்புக் கரையக் கரைய அவை அகலும். சில வருடங்கள் கழித்து ஒருநாள் குடல் அதற்குள் நுழைந்து முறுகலாம். விட்டுவிட்டு வருகிற நோவாகத் தொடங்கும், ஸ்கானில் தெரியாமலும் போகலாம், பிந்தினால் குடல் அழுகும். பைபாஸ் செய்த ஒருவர் சத்தியோடும் தாங்கமுடியாத வயிற்று நோவோடும் வந்தால், 'வாய்வு' என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது இரவுக் கடமையில் இருக்கிற ஒவ்வொரு வைத்தியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி வாய் திறந்து சொன்னால்தானே தெரியும்! மறைக்கிறார்கள் என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

பார்மசி விஷயத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் நோ என்றால் டைக்ளோபெனாக். குளிசையாகவும் தருவார்கள், பின்பக்கம் வைக்கவும் தருவார்கள். பைபாஸ் செய்தவருக்கு அந்த வகை மருந்து, தொடுத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். புண் துளைத்துக்கொண்டும் போகும். எந்த வழியால் உடலுக்குள் போனாலும் இதே ஆபத்துத்தான். கடைக்காரப் பொடியனுக்கு இது தெரிய நியாயமில்லை. என் கைப்பையில் ஒரு அட்டை இருந்தால் காட்டலாம்.

அந்த அட்டையைத் தமிழில் அடித்துத் தாருங்கள். என்ன சத்திரசிகிச்சை, எந்த ஆண்டு, என்ன மருந்து கூடாது, என்ன அறிகுறி வந்தால் உடனே ஓடவேண்டும், இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். அளவெட்டியில் இருந்து மானிப்பாய் தூரமில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் அங்கே தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 'இரணவைத்தியம்' என்ற தடித்த சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் அச்சிட்டார். குதிரை வண்டிக் காலத்தில் புத்தகமே போட்ட இடத்தில் ஒரு அட்டை அடிப்பது பெரிய வேலையா?

"இப்படி எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?" என்று உங்கள் பணிமனையில் கேட்பார்கள். பதிவேடு திறந்தால் தெரியும். கொழும்பில் செய்துகொண்டு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அங்கிருந்து ஏறினால் சென்னை ஒரு சிறு தூக்கத்துக்குள் வந்துவிடும், அங்கே இந்த ஒப்பரேசனுக்கு விளம்பரப் பலகைகள் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் செய்துகொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிற எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓகஸ்ட் வெயிலில் தண்ணீர் குடிக்க மறந்து பிடிப்பெடுத்து விழுந்தால் வருவது உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான். 2024 ஏப்ரலில் சென்னையில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தபோது பத்திரிகைகள் எழுதின, தமிழ்நாடு அரசு விசாரணைக் குழு அமைத்தது. எழுதத்தான் வேண்டும். ஆனால் உயிரோடு திரும்பி, ஒவ்வொரு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்களுக்கு எந்தக் குழுவும் அமைவதில்லை.

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டிக் குழுவான நைஸ் 2014இலேயே சொல்லிவிட்டது: சத்திரசிகிச்சை செய்த இடத்திலேயே குறைந்தது இரண்டு வருடம் பார்க்கவேண்டும், அதன்பிறகும் குறைந்தது வருடம் ஒருமுறை உடலின் சத்து நிலையைச் சோதிக்கவேண்டும். நான் கேட்கிற கிளினிக் இந்த இரண்டாவது பாதிக்குத்தான். புதுக் கட்டடம் வேண்டாம். சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர், ஒரு தாதி, ஒரு இயன்மருத்துவர், இரத்தம் எடுக்க ஒரு மேசை. சத்துணவு பற்றிப் பேச, புட்டும் சம்பலும் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லது. கொழும்பில் எனக்குத் தந்த தாளில் இருந்த சாப்பாடுகளில் பாதியை நான் கண்ணாலும் கண்டதில்லை. சோற்றுக்கு முதல் மீனையும் முட்டையையும் பயற்றையும் சாப்பிடவேண்டும், கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, இரும்புக் குளிசையோடு பிளேன்ரீ குடிக்கக்கூடாது என்றெல்லாம் நானாகப் படித்தறிய வருடங்கள் எடுத்தன.

இயன்மருத்துவரை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஊசிக்குப் பிறகு என்னை நடமாட வைத்தது அவர்கள் சொல்லித்தந்த சில்லறை வித்தைகள்தான். படுக்கையை விட்டு எழும்பும்போது முதலில் பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். தும்மல் வருகுது என்றால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைக்க வேண்டும். பிடிப்புத் தொடங்கியதும் பதறி மூச்சை அடக்காமல், வயிறு மெல்ல எழும்பி இறங்கும்படி மூச்சு விடவேண்டும். சுடுதண்ணிப் பை வைத்தால் இன்னும் சுகம். வீட்டில் ஈர்க்குமாற்றை ஒதுக்கிவிட்டுத் தும்புத்தடியால் நிமிர்ந்து நின்று கூட்டுகிறேன். திருவலை இப்போது அயல்வீட்டில். தேங்காயை அவர்கள் திருவித் தருவார்கள், நான் அவர்களுடைய பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். இருவருக்கும் இலாபம்தான் என்றாலும், பிள்ளை அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

நாளைக் குறிக்கும்போது ஒரு சலுகை தேவை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதென்றால் ஏழு மணிக்கு முன் எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். எங்களைப் பதினொரு மணிவரை வாங்கில் இருத்தி வைத்தால் தலை சுற்றும். பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டு ஈடுகட்ட, வயிற்றில் இடமும் இல்லை.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை ஒருத்தி,
அளவெட்டி.