டிரெய்லர் சக்கரம் விலக்கு தராது

வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் ஓடுகின்றன. பெட்ரோல் செலவு மிச்சம், புகை இல்லை. ஆலைப் புகையைச் சுவாசித்தே பழகிய திருவொற்றியூர் மக்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் ஓட்டுபவரின் உயிரையும் நாம் பேச வேண்டும். 40 அடிப் பெட்டியை இழுத்து வரும் டிரெய்லரின் இடப்பக்கம் ஒட்டிப் போகும் ஸ்கூட்டர், டிரைவரின் கண்ணுக்குத் தெரியாது. டிரெய்லர் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. வளைவின் உட்புறமாக நெருக்கிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நுழைந்தவருக்குத் தப்ப வழியில்லை. ராயபுரத்தில் சாலையைக் கடக்கும் முதியவருக்கோ, ஓசையில்லாத வண்டி நெருங்குவதே காதில் விழாது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அதை நம்பிப் பள்ளிப் பிள்ளைகள் கையிலும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். சட்டம் விலக்கு தரலாம், டிரெய்லர் சக்கரம் தராது. எந்த வண்டியானாலும் தலைக்கவசம் வேண்டும். லாரியின் இடப்பக்கம் முந்தக் கூடாது. இருசக்கர வண்டிகளுக்குத் தனித் தடமும், இரவில் எரியும் தெருவிளக்கும், ஓரத்தில் லாரிகள் நிற்காத சாலையும் அரசு தர வேண்டும். நாட்டின் சரக்கைச் சுமக்கும் வடசென்னை, தன் பிள்ளைகளைப் பலி கொடுக்கக் கூடாது.