பிட்டரின் நினைவில் ஓர் ஊர்

எங்கள் தெருவில் சென்ற கோடையில் குடிநீர்க் குழாய் உடைந்தது. மூன்று இடங்களில் தோண்டினர், உடைப்பு அகப்படவில்லை. கடைசியில், ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் காலால் தட்டிக் காட்டிய இடத்தில் குழாய் இருந்தது! ஊரின் குழாய்ப் படம் அவர் நினைவில் இருக்கிறது. அலுவலகக் காகிதத்தில் இல்லை.

இது முறையா? 1854-ல் இலண்டனில் பரவிய காலராவை ஆராய்ந்த டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்துக் காட்டினார். பிராட் தெருக் கைப்பம்பைச் சுற்றியே அவை நெருங்கி நின்றன. தண்ணீருக்கும் வரைபடத்திற்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இன்று கணிப்பொறியில் அமையும் புவித் தகவல் முறை அதைவிடப் பன்மடங்கு செய்ய வல்லது. ஒவ்வொரு குழாயும் ஒரு கோடு; பதித்த ஆண்டு, விட்டம், ஆழம், இரும்பா பிளாஸ்டிக்கா என்ற விவரமும் அதனோடு சேரும். உடைப்பு நேர்ந்தால் எந்த வால்வை மூடவேண்டும், எத்தெருக்களுக்கு நீர் நிற்கும் என்பதைப் படமே சொல்லும். சாக்கடைப் படத்தை இதன்மேல் வைத்தால், இரண்டும் குறுக்கிடும் ஆபத்தான இடங்கள் தெரிந்துவிடும்.

செலவாகுமே என்பர். கியூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உண்மையான செலவு நடையிலும் பொறுமையிலும்தான். குழாயை மாற்றியவர் அன்றே படத்தையும் மாற்றாவிட்டால், பொய்ப்படத்தை நம்பித் தோண்டுவோம். அது படமே இல்லாததைவிடக் கேடு.

நம் புவியியல் மாணவர்கள் விடுமுறையில் அப்பெரியவருடன் தெருத் தெருவாக நடந்து, வால்வுகளைக் கைப்பேசியில் குறித்து நகராட்சிக்கு அளிக்கலாம் என்பது என் கருத்து. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் பிசகலாம். சுவரிலிருந்து நாடா பிடித்து அளந்துகொள்ளவேண்டும். தாமதிப்பதற்கில்லை. அவருக்கு எழுபது கடந்துவிட்டது. மூன்று வால்வுகளின் இடம் மறந்துவிட்டதாகப் போன மாதம் அவரே சொன்னார்.