இரவு மூன்று மணி இழுப்பு

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுகிறீர்கள். இரவு கட்டிலடியில் கொசுவர்த்திச் சுருளை ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்கிறீர்கள். மூன்று மணிக்குக் 'கொர், கொர்' என்று இழுப்பு! "நேற்று ஐஸ்கிரீம் தின்றாயே, அதுதான்!" என்று பழி ஐஸ்கிரீமின் தலையில் விழுகிறது.

என் அக்கா பிள்ளைக்கு இரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. ஆஸ்த்மாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், "பையன் எந்தத் தலையணையில் படுக்கிறான்?" என்று கேட்டார். அக்காவின் கல்யாணச் சீரில் வந்த இலவம்பஞ்சுத் தலையணை! அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது.

விஷயம் இதுதான். படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள் குடியிருக்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளே அவற்றுக்கு ஆகாரம். சென்னையின் ஈரக் காற்று கேட்க வேண்டுமா? வீட்டுத் தூசியில் உபத்திரவம் செய்வது முக்கியமாக இவைதான் என்று 1964-ல் ஹாலந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதிலும், பூச்சியைவிட அதன் எச்சம்தான் பொல்லாதது. கடும் வெயிலில் மணிக்கணக்காகக் காயப் போட்டால் பூச்சி மடியும். எச்சம் அப்படியே இருக்கும். ஆகவே மொட்டை மாடியில் நன்றாகத் தட்டவும் வேண்டும், குழந்தையை அருகில் விடாமல்! உறை, விரிப்புகளை வாரம் ஒரு முறை கை பொறுக்காத வெந்நீரில், அதாவது 60 டிகிரிச் சூட்டில், துவைப்பது உத்தமம்.

எல்லாக் குழந்தைகளுக்கும் தலையணைதான் எதிரி என்பதில்லை. சிலருக்குக் கரப்பான் பூச்சி, சிலருக்குச் சுவரில் பூத்த பூஞ்சணம்.

ஆனால் புகை யாருக்கும் ஆகாது. வீட்டுக்காரரை வாசலில் போய் சிகரெட் பிடிக்கச் சொல்கிறோம் அல்லவா? ஒரே ஒரு கொசுவர்த்திச் சுருள், 75 முதல் 137 சிகரெட் வரை விடும் அளவு நுண்துகளைக் கக்கக்கூடும் என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது! கொசு வலை கட்டுங்கள், சகோதரிகளே. அதையும் அவ்வப்போது துவையுங்கள். சாம்பிராணி பூஜையறையோடு நிற்கட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து. குழந்தையின் தலை காற்றிலேயே காயும்.

இதையெல்லாம் செய்துவிட்டோமே என்று இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது டாக்டர் சொல்ல வேண்டியது.

அக்கா வீட்டில் இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. சீர்த் தலையணையைத் தூக்கிப் போட மனம் வருமா? கூடத்தில் படுக்கும் அத்திம்பேரின் தலைக்குப் போய்விட்டது. அவருக்கு இழுப்பு கிடையாது, குறட்டை மட்டும்தான்!